என்னைப் பெண் பார்க்க இலங்கைக்கு வந்தவர்

டூர் மேனேஜர் என்றால் ஓசியில் ஊர் சுற்றுகிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு தடவை பதினேழு பேரைப் பாத்ரூம் போய்வரச் சொல்லிவிட்டு, கடைசி ஆள் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும் வெயிலில் நின்று பார்க்க வேண்டும். சொந்த வீட்டு ஆட்களையே மாத்தேரானுக்கோ வேளாங்கண்ணிக்கோ கூட்டிக்கொண்டு போய்வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இனிமேல் யார் காலில் விழுந்து கூப்பிட்டாலும் போவதில்லை என்று திரும்பி வந்த அன்றைக்கே சத்தியம் பண்ணியிருப்பீர்கள். நான் அந்தச் சத்தியத்தை மாதா மாதம் பண்ணுகிறவள். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். மும்பைத் தமிழர்களை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய், மலையில் ஏற்றி, ஆற்றில் இறக்கி, கோயில் குளம் காட்டி, முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைப்பது என் பொறுப்பு. பெயர் ஸ்டெல்லா. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் மூக்கு நுனியில் இருக்கும்.

காப்பி கொடுக்காத பெண்

ஜெபராஜை நான் முதலில் பார்த்தது மாஹிமில் ஒரு கல்யாண வீட்டில். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீடு கோபர்கைரனே, பரம சாது. நான் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சு எடுத்ததும் அவருடைய அம்மா கிரேஸ் ஆன்ட்டி கேட்ட முதல் கேள்வி, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் இந்த வேலையை விட்டுவிடுமா என்பதுதான். எனக்கு ஜெபராஜையும் பிடிக்கும், இந்த வேலையையும் பிடிக்கும். ஒன்றுக்காக இன்னொன்றை விடு என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மேட்ரனாக இருந்து ரிட்டயர் ஆனவர். இழுத்தடிப்பது அவருக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு காப்பிதான் கொடுக்கும், வேலையில் எப்படி இருக்கிறாள் என்று கூடவே இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் ஆபீஸுக்கே நேராக வந்து இலங்கை டூருக்குச் சீட்டுப் போட்டுவிட்டார். விஷயம் கேள்விப்பட்டதும் என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "ஏட்டி, போறது போ. அந்த வாயை மட்டும் வீட்ல வச்சுட்டுப் போ."

குக்கர் சகிதம்

மாதுங்காவிலிருந்து சேஷன் மாமாவும் ஜானகி மாமியும் வந்திருந்தார்கள். மாமா ரயில்வே ஆபீஸில் ஆயுசு முழுக்கக் குமாஸ்தாவாக இருந்தவர். டூருக்கு முன்னால் எல்லாருக்கும் நான் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்புவேன்: அரிசி, பருப்பு, சமையல் பாத்திரம் எதுவும் கொண்டுவர வேண்டாம், அங்கே எல்லாம் கிடைக்கும் என்று. நம்ம ஜனங்கள் அதைப் படித்துவிட்டு, ஞாபகப்படுத்தினதுக்கு தேங்க்ஸ் என்று பதில் போட்டுவிட்டு, வரிசை தப்பாமல் அதையெல்லாம் எடுத்துவைப்பார்கள்.

கொழும்பு ஏர்போர்ட்டில் மாமியின் பெட்டி மெஷினுக்குள் போய் வந்ததும் சுங்க அதிகாரி திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு குட்டி ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில், அப்பளக் கட்டு. கிரேஸ் ஆன்ட்டி ஒரு கைப்பெட்டியும் பிரஷர் பார்க்கிற மெஷினுமாகப் பின்னால் நின்று, நான் இதை எப்படிச் சமாளிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி தமிழர். குக்கரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பெட்டியை அவரே மூடினார். "அம்மா, இஞ்ச நாங்களும் சோறுதான் சாப்பிடுறனாங்கள்."

மைக்கில் வந்த சம்பந்தம்

பஸ் கிளம்பியதும் மைக்கை ஒரு சுற்று விடுவது என் வழக்கம். ஒவ்வொருவரும் பெயர், மும்பையில் எந்த இடம், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்குள் யார் பேச்சாளர், யார் சண்டைக்காரர், யார் தூங்குமூஞ்சி என்று எனக்குத் தெரிந்துவிடும். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கிற காதர் பாய், "சம்சாரம் ரெண்டு வருஷமா நச்சரிச்சுது, வந்துட்டேன்" என்றார். சேஷன் மாமா, ராவணன் இருந்த ஊரை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். மைக் கிரேஸ் ஆன்ட்டியிடம் போயிற்று.

ஆன்ட்டி யார் என்று நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அவரும் மற்றவர்களோடு சேர்ந்த ஒரு பயணி, அவ்வளவுதான் என்று இருந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆன்ட்டி எழுந்து நின்று, மைக்கைத் துடைத்துவிட்டு, வார்டில் டூட்டி சொல்கிற குரலில் சொன்னார்: "பேர் கிரேஸ். கோபர்கைரனே. அந்தா முன்னால நிக்கிற பொண்ணை என் பையனுக்குப் பாக்க வந்திருக்கேன்."

கடைசி சீட்

மத்தியானச் சாப்பாட்டுக்குள் 'ஸ்டெல்லா மேரேஜ்' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். அதில் நானும் ஆன்ட்டியும் தவிர எல்லாரும் இருந்தார்கள். எனக்கு அது தெரிந்ததே, "குரூப்ல ஒரு துஆ போட்டிருக்கேன், பாத்தியா தங்கச்சி?" என்று காதர் பாய் என்னிடமே வந்து கேட்டபோதுதான்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. தினமும் காலையில் பஸ்ஸில் சீட் மாறும். முன்னால் இருந்தவர்கள் பின்னால், பின்னால் இருந்தவர்கள் முன்னால். அது இல்லாவிட்டால் ஜன்னலுக்காகவும் முன் சீட்டுக்காகவும் நம்ம ஆட்கள் இலங்கையை மறந்துவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே குடியிருப்புச் சங்கம் நடத்துவார்கள். சிகிரியா போகிற அன்றைக்கு, குலுக்கி எடுக்கிற கடைசி வரிசை ஆன்ட்டியின் முறை. அவரை முன்னாலேயே விட்டுவிடு என்று பஸ்ஸே சொல்லிற்று. சேஷன் மாமா தன் சீட்டைத் தர எழுந்தேவிட்டார். முடியாது, எல்லாருக்கும் ஒரே ரூல்தான் என்று சொல்லிவிட்டேன். காதர் பாயின் சம்சாரம் எங்கள் தெருக்காரர். பத்து கிலோமீட்டர் போவதற்குள் தாராவியிலிருந்து அம்மா போன் பண்ணி, மாமியாராக வரப்போகிறவரையா கடைசி சீட்டில் உட்காரவைத்தாய் என்று அழாத குறையாகக் கேட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்கப் பின்னால் போனேன். ஆன்ட்டி பையை மடியில் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாராட்டா, குத்திக்காட்டலா என்று எனக்குப் பிடிபடவே இல்லை, அவர் சொன்னது இதுதான்: "ஆஸ்பத்திரியில வி.ஐ.பி. வார்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அது கட்டோட பிடிக்காது."

சிபாரிசு

சிகிரியா பாறையில் குளவிக்கூடு இருக்கிறது. சத்தம் போட்டால் கலைந்துவிடும், அமைதியாக ஏறுங்கள் என்று வழியெல்லாம் போர்டு வைத்திருப்பார்கள். நம்ம ஆட்கள் அந்தப் போர்டையே ஒருத்தருக்கொருத்தர் சத்தம் போட்டுப் படித்துக்காட்டிக்கொண்டு ஏறினார்கள். இதில் எனக்குக் கல்யாணம் முடித்துவைக்கிற ஆர்வம் வேறு அவர்களுக்கு. ஒரு வளைவில் மாமி போய் என்னைப் புகழ்ந்துவிட்டு வருவார், அடுத்த வளைவில் வேறு யாராவது. ஆன்ட்டி மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பாறையில் சிங்கத்தின் பாதம் மாதிரிக் கட்டியிருக்கிற இடத்தில் காதர் பாயின் முறை. "ரொம்ப அமைதியான பொண்ணும்மா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல" என்று அவர் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து சேஷன் மாமா செல்ஃபிக்காகக் கைப்பிடிக் கம்பி மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். கீழே பார்த்தால் காடு. "மாமா, காலை இறக்குங்க. உங்களைக் கீழ பொறுக்கி எடுத்துட்டுப் போக நான் கூடை கொண்டுவரல" என்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்து என் வாயைப் பொத்தாத குறை. குளவிகள் ஏதோ அன்றைக்கு நல்ல மனசாக இருந்தன. ஆன்ட்டி என்னைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார். "பாய், நீங்க எந்தப் பொண்ணைச் சொல்லுறீங்க?"

கண்டியில் பிரசாதம்

கண்டியில் புத்தருடைய பல்லை வைத்திருக்கும் கோயிலுக்கு எல்லாரையும் வெள்ளை உடுத்தவைத்துக் கூட்டிப்போனேன். தாமரைத் தட்டும் மேளச் சத்தமுமாக உள்ளே போனால் நம்ம ஜனங்களும் தானாக அடங்கிவிடுவார்கள். அன்றைக்கும் அடங்கினார்கள். ஆன்ட்டிகூடக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். வெளியே வந்ததும் சேஷன் மாமா மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. வலது கையைக் குழித்துக்கொண்டு நின்றார். கேட்டால், தரிசனம் ஆனது, பிரசாதம் வரவில்லை என்கிறார். இங்கே அந்த வழக்கம் இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போயிற்று. ஆயுசில் ஒரு கோயிலிலிருந்தும் வெறுங்கையோடு அவர் வந்ததில்லையாம். காதர் பாய் ரோட்டைத் தாண்டிப் போய், அவித்த கடலை விற்கிறவரிடம் ஒரு பொட்டலம் வாங்கிவந்து அந்தக் குழித்த கையில் வைத்தார். "இந்தாங்க மாமா, பிரசாதம்னு நினைச்சுச் சாப்பிடுங்க."

கர்ச்சீஃப்

கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு மலை ரயில். பெட்டி படுக்கைகளை எங்கள் இலங்கை டிரைவர் நிமல் பஸ்ஸில் ரோடு வழியாகக் கொண்டுவந்துவிடுவார், நாங்கள் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டு ரயிலில் போக வேண்டியது. எல்லாருக்கும் ரிசர்வ் சீட். அவரவர் நம்பரைச் சொல்லி, அவசரப்படாமல் ஏறலாம் என்று பிளாட்பாரத்திலேயே படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

தூரத்தில் வண்டி தெரிந்ததுதான் தாமதம். மாமியின் முந்தானை இடுப்புக்குப் போயிற்று. முதுகுப் பைகள் எல்லாம் நெஞ்சுக்கு வந்தன. காதர் பாய் ஓடுகிற வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். சேஷன் மாமா ஜன்னல் வழியாகக் கர்ச்சீஃபை வீசி இடம் போட்டார். கிரேஸ் ஆன்ட்டி, அந்த நிமிர்ந்த நடை கிரேஸ் ஆன்ட்டி, முழங்கையை விரித்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டி ஏறினார். அவரவர் நம்பரில் ஒரு குருவிகூட உட்கார்ந்திருக்கவில்லை. மாமாவின் கர்ச்சீஃப் வழியில் அட்டனில் இறங்குகிற ஒரு பெரியவர் மடியில் விழுந்திருந்தது. அவர் அதை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஐயா, உங்க சீட்டை ஒருத்தரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. பதறாம ஏறுங்க."

உதர்னா ஹை க்யா?

லோக்கல் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறங்குகிற ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே எழுந்து வாசல் பக்கம் போய்விட வேண்டும். முன்னால் நிற்பவர் தோளைத் தொட்டு, "உதர்னா ஹை க்யா?", அதாவது இறங்கணுமா என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றால் அவர் முதுகோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வண்டி நின்றதும் பின்னால் இருப்பவர் தள்ள, முன்னால் இருப்பவர் பிளாட்பாரத்தில் இருப்பார். மும்பையில் இதற்குப் பெயர் இறங்குவது.

நானுஓயா நெருங்குகிறது என்றதும் கிரேஸ் ஆன்ட்டி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் ஹார்பர் லைன் லோக்கலில் போய்வந்த உடம்பு, உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கடைசி ஆள் முன்னால் நிற்பவரைக் கேட்க, அவர் தனக்கு முன்னால் நிற்பவரைக் கேட்க, கேள்வி ஆன்ட்டி வரைக்கும் போய் ஆமாம் என்று திரும்பி வந்தது. நான் அங்கே இல்லை. ஜானகி மாமி பாத்ரூமுக்குள் இருந்தார், தாழ்ப்பாள் சரியில்லை என்பதால் நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வண்டிக்கு வழிவிட ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. நானுஓயா அதற்கு அடுத்தது. வண்டி நின்றதும் பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள்.

ரயில் மறுபடி நகர்ந்தபோது ஜன்னலில் பார்க்கிறேன், என்னுடைய மொத்தக் கூட்டமும் வெளியே பிளாட்பாரத்தில் நிற்கிறது. சேஷன் மாமா எனக்குக் கைகாட்டுகிறார். உள்ளே மிச்சம் இருந்தது நானும், மாமியும், ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த காதர் பாயின் சம்சாரமும்தான். மாமி கதவைத் திறந்துகொண்டு வந்து காலி சீட்டுகளைப் பார்த்தார். "என்னடி ஸ்டெல்லா, நான் உள்ளே போய்ட்டு வர்றதுக்குள்ளே ஊர் வந்துடுத்தா?"

அடுத்த வண்டி

பயந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. அவர்கள் கையில் இருக்கிற மும்பைப் போன் ஒன்றும் பஸ்ஸிலோ ஹோட்டலிலோ இருக்கிற வைஃபை இல்லாமல் வேலை செய்யாது. மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. சேஷன் மாமாவுக்குச் சர்க்கரை, அவர் மாத்திரை மாமியின் ஹேண்ட்பேக்கில். இத்தனை வருஷத்தில் ஒரு பயணியைக்கூட நான் தொலைத்ததில்லை, அன்றைக்கு ஒரு டூரையே தொலைத்திருந்தேன், அதில் மாமியாரும் அடக்கம். நானுஓயாவில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இறங்கி வருவதைப் பார்த்து நிமல் பஸ் கதவைத் திறந்தபடியே நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் புண்ணியவான், முந்தின ஸ்டேஷனுக்குப் பேசி, எல்லாரும் பத்திரமாக அங்கேயேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸைத் திருப்பினோம். வளைவுக்கு வளைவு மாமி சுலோகம் சொல்லிக்கொண்டு வந்தார்.

போய்ப் பார்த்தால், அழுதுகொண்டு இருப்பார்கள் என்று நான் நினைத்த ஜனம், பிளாட்பார ஓரத்தில் இரண்டு வரிசையாக, கதவு வந்து நிற்கிற இடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு, பைகளை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நின்றது. அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கிறார்களாம். ஒரு வண்டி போனால் பின்னாலேயே இன்னொன்று வராதா என்ன, அதற்கு எதற்குப் பதட்டம் என்று நின்றிருக்கிறார்கள். மலையகத் தமிழ் பேசுகிற அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார். "அடுத்த வண்டி எப்பன்னு கேட்டாங்க மிஸ். சாயங்காலம்தான்னு சொன்னேன். தமாஷ் பண்ணாதீங்கங்கிறாங்க."

போர்டு

அவர்களைப் பார்த்த நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது முடிந்த கையோடு கோபம் வந்தது. யார் முதலில் இறங்கியது என்று கேட்டேன். எல்லார் கண்ணும் கிரேஸ் ஆன்ட்டி பக்கம் போயிற்று. அந்த நிமிஷத்தில் அவர் ஜெபராஜின் அம்மா என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. "இது என்ன வாஷி ஸ்டேஷனா, வண்டி நின்னா குதிக்கதுக்கு? பனியில ஒருத்தர் கால் வழுக்கி விழுந்திருந்தா யாரு பதில் சொல்லுதது? அந்தா போர்டு. மூணு பாஷையில எழுதிப் போட்டிருக்கான், அதுல ஒண்ணு தமிழு. தெனமும் வேதப்புத்தகம் வாசிக்கியள்லா, இந்த நாலு எழுத்தை வாசிக்க என்ன கொள்ளை?"

எங்கள் தெருவில் குழாயடியில் பேசுகிற அதே தமிழ், அதே சுருதி. கடைசிச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று உறைத்தது. ஆன்ட்டி என்னையே பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு நடந்துபோய் பஸ்ஸில் ஏறினார். காதர் பாய் என் பக்கத்தில் வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் மெல்லச் சொன்னார்: "போச்சு தங்கச்சி. கல்யாண பிரியாணி போச்சு."

உயிரோடு இருக்கிறாயா

நாங்கள் தங்கிய நுவரெலியாவில் அன்றைக்குக் குளிர் எலும்பைத் தொட்டது. ஆன்ட்டி சாப்பாட்டு மேஜைக்கு வந்தார், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிரஷர் பார்த்துச் சொன்னார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மறுநாள் முழுக்கத் தேயிலை ஃபாக்டரி, பூந்தோட்டம், ஏரி எல்லாம் அப்படியே கழிந்தது. நான் ரூமுக்குப் போய் அழுதேன். வாஸ்தவத்தில் திட்டினதற்காக அழவில்லை, திட்ட வேண்டியதைத்தான் திட்டினேன். ஜெபராஜ் கை நழுவிப் போகிறாரே என்றுதான் அழுதேன். மனசில் இருக்கிற ஆசையை வெளியே சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அந்த மனுஷன் இல்லாமல் கோபர்கைரனே பக்கம்கூட என்னால் தலைவைத்துப் படுக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவருக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா உங்களிடம் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை, குட்நைட் மட்டும் அனுப்பினார்கள் என்றார். அப்புறம் பரிதாபமாகக் கேட்டார்: "அம்மாவையா திட்டினே? திட்டிட்டு நீ நல்லாத்தானே இருக்கே?"

கரையில் இரண்டு பேர்

கித்துல்கலவில் ரப்பர் படகில் ஆற்றுச் சுழலில் போவது எங்கள் டூரின் கடைசி சாகசம். பிரஷர் ஏறியிருக்கிறவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்பது என் கண்டிப்பு. அன்றைக்குக் காலை டிபனில் ஆன்ட்டி வழக்கம்போல எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார். தனக்கும் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்று வாய்விட்டும் சொன்னார். ஆற்றங்கரையில் பார்த்தால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறார். ரயிலுக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "நான் முன்னால உக்காந்துக்கிடுதேன்."

காதர் பாய் எனக்குக் கண்ணைக் காட்டினார், விட்டுவிடு என்று. மாமி கையைப் பிசைந்தார். தலையாட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தெரிந்தது. "வேண்டாம் ஆன்ட்டி" என்றேன். நான் நர்ஸ், என் உடம்பு எனக்குத் தெரியும் என்றார். அந்த மெஷினில் நீங்களே பார்த்துச் சொன்னதுதானே என்றேன். நான் போனால் யார் தடுக்கிறது என்று கேட்டார். "நான்தான். ஜாக்கெட்டைக் கழட்டுங்க." ஆன்ட்டி ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றி ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தார். மற்றவர்கள் படகுக்காரர்களோடு தண்ணீரில் போனார்கள். சேஷன் மாமாவின் கூச்சல் வளைவு தாண்டியும் கேட்டது.

கரையில் நானும் அவரும்தான். டீ வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாளா நான் பேசலைன்னு பயந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீ திட்டுனது சரிதான். நான் போர்டைப் படிச்சிருக்கணும். என்னைய யாரும் திட்டி ரொம்ப வருஷமாச்சு, அதான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்றார். வேலையை விட்டுவிடச் சொல்லத்தான் கிளம்பி வந்தாராம். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிதானமாகக் குடித்து முடித்தார். "நான் சொன்னா சொன்னதுதான், நீயும் அப்படித்தான் இருக்கே. எங்க வீட்ல இருக்கிறது ஒரே ஒரு அடுக்களை. வேலையை மட்டும் விட்டுடாதே தாயி, அப்பப்ப நீ வெளியூர் போனாத்தான் நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்."

பயணிகளை ஏர்போர்ட்டில் கைகாட்டி அனுப்பிவிட்டால் அதோடு பொறுப்பு தீர்ந்தது என்பதுதான் இந்த வேலையில் இருக்கிற ஒரே சுகம், இந்த ஒரு பயணி விஷயத்தில் மட்டும் அவர் வீட்டுக்கே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.